கொள்ளைநோயும் குடியேற்றவாத அரசும்: 1934–35 மலேரியாவும் சிலாபம் – புத்தளம் கரையோரமும்

1

கொள்ளைநோய் பரவும் வேளையில் ஓர் அரசு எவ்வாறு நடந்துகொள்கின்றது என்ற வினா மருத்துவ வரலாற்றாசிரியருக்கு மாத்திரம் உரியதன்று. அரசு என்பது எவருடைய நலனைப் பேண அமைந்த நிறுவனம் என்னும் அடிப்படை வினாவோடு அது பிரிக்கவியலாதவாறு இணைந்துள்ளது. சாதாரண காலங்களிற் சட்டத்தினதும் நிருவாக நடைமுறையினதும் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும் முன்னுரிமைகள் நோய்க்காலத்தில் வெளிப்பட்டுவிடுகின்றன. எவருடைய காய்ச்சல் செய்தியாகின்றது, எவருடைய காய்ச்சல் இயற்கையெனக் கொள்ளப்படுகின்றது என்பதை நோக்கின், ஒரு சமுதாயத்தின் வர்க்க அமைப்பைப் பற்றிப் பல உண்மைகளை நாம் அறிந்துகொள்ளலாம்.

அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றுடன் தொடங்குவது பொருந்தும். 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள பெரிய ஹோட்டலொன்றில், அமெரிக்க லீஜன் என்னும் முன்னாட் படைவீரர் சங்கத்தின் மாநில மாநாடு நடைபெற்றது. அங்கு வந்தோரும் அச்சுற்றாடலில் இருந்தோருமாக இருநூறுக்கு மேற்பட்டோர் கடும் நுரையீரல் அழற்சியாற் பீடிக்கப்பட்டனர். 34 பேர் இறந்தனர். நோய் இன்னதென எவருக்கும் தெரியவில்லை. எனினும் மத்திய அரசின் நோய்த்தடுப்பு நிலையம் ஆய்வாளரை அனுப்பிற்று. காங்கிரசின் குழுவொன்று விசாரணை நடத்திற்று. 1977 ஜனவரியில், அதாவது ஆறு மாதத்துள், அந்நோயை விளைவித்த பக்றீரியா கண்டறியப்பட்டது. லீஜனர் நோய் என்னும் பெயரும் நிலைத்தது. ஆனால் அதே நோய் 1965இல் வாஷிங்டனில் மனநோயாளருக்கான மருத்துவமனையொன்றில் எண்பதுக்கு மேற்பட்டோரைத் தாக்கியிருந்தது. அப்போது காரணம் புலப்படவில்லை. சேமித்து வைக்கப்பட்டிருந்த அந்நோயாளரின் குருதி மாதிரிகளை 1977இல் மீண்டும் சோதித்தபோதே உண்மை தெரியவந்தது. முன்னாட் படைவீரர் இறந்த பின்னரே மனநோயாளரின் மரணத்துக்கும் விளக்கம் கிடைத்தது.

பிலடெல்பியாவுக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1934 ஒக்டோபர் முதல் 1935 ஏப்ரல் வரையான ஏழு மாதங்களில், இலங்கையில் ஏறத்தாழ 15 லட்சம் மக்கள் மலேரியாவுக்கு ஆளாயினர். ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1931ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி நாட்டின் மொத்தச் சனத்தொகை சுமார் 53 லட்சமே. இவ்விரு நிகழ்ச்சிகளுக்குமிடையே எண்ணிக்கையில் உள்ள வேறுபாட்டிலும் முக்கியமான வேறுபாடொன்று உண்டு. பிலடெல்பியாவில் நோயின் காரணம் அறியப்படாதிருந்தது. இலங்கையிலோ காரணமும் அறியப்பட்டிருந்தது, கடத்தியும் அறியப்பட்டிருந்தது, மருந்தும் அறியப்பட்டிருந்தது. அவ்வாறிருந்தும் எண்பதினாயிரம் பேர் இறந்தமைக்கு அறிவின்மை காரணமாக இருக்க முடியாது. பின் எது காரணம்? இக்கேள்வியை, இந்நோய்பற்றிய எழுத்துகளில் அதிகம் இடம்பெறாத சிலாபம் – புத்தளம் கரையோரத்தை முன்வைத்து ஆராய்வதே எமது நோக்கம்.

2

குடியேற்றவாத ஆட்சியின் ஏடுகளிற் புத்தளம், சிலாபம் என இருவேறாகப் பேசப்பட்ட பிரதேசங்கள் இன்று வடமேல் மாகாணத்தின் ஒரே மாவட்டமாக உள்ளன. ஆயினும் புவியியல் நோக்கில் இக்கரையோரம் இரு தன்மைகளை உடையது. தெற்கே, மகா ஓயாவின் கழிமுகத்திலிருந்து வென்னப்புவ, மாரவில வழியாகச் சிலாபம் வரை செல்லும் பகுதி தென்னை வலயம். தென்மேற்குப் பருவமழையின் பயனை ஓரளவு பெறுவது. சிலாபத்துக்குச் சற்று வடக்கே தெதுறு ஓயா கடலோடு கலக்கின்றது. அதற்கப்பால் உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி எனச் செல்லும் பகுதி வரண்ட வலயம். களப்பும் உப்பளமும் மீன்பிடியும் வாழ்வாதாரமானவை. தமிழ் பேசும் முஸ்லிம்களும் இந்துக்களும் கத்தோலிக்கரும் சிங்கள மக்களும் அடுத்தடுத்து வாழும் கரை இது.

இப்பிரதேசத்தை அரசு அறியாதிருந்தது எனக் கூறவியலாது. கற்பிட்டியிற் பிறந்து, ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலால் எமது இலக்கிய வரலாற்றில் நிலைபெற்ற சைமன் காசிச்செட்டி, 1834இலேயே இலங்கைக்கான கெசற்றியர் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசைப்படுத்தித் தொகுக்கும் அத்தகைய அறிவு, ஆட்சிக்கும் வருவாய்க்கும் இன்றியமையாதது. உப்பு அரசின் தனியுரிமையாக இருந்தமையாற் புத்தளத்து உப்பளங்களை அரசு நன்கறிந்திருந்தது. தென்னை முக்கிய ஏற்றுமதிப் பயிராக இருந்தமையால், அதனை ஆராய்வதற்கென 1929இல் இக்கரையோரத்தின் லுணுவிலப் பகுதியில் ஆராய்ச்சி நிலையமொன்றும் தொடங்கப்பட்டது. கொள்ளைநோய்க்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரேயே, தென்னைக்கு வரும் நோயை விஞ்ஞான முறையில் அவதானிக்கும் நிறுவனம் இங்கு இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. தென்னையின் கீழ் வாழ்ந்த மனிதருக்கு அத்தகைய நிறுவனம் இருக்கவில்லை.

3

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாக இம்மழையால் ஆறுகள் பெருகி ஓடும். ஆற்றுப்படுகைகளில் நீர் தேங்குவதில்லை. அவ்வாண்டில் தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை ஆகியவற்றின் படுகைகள் வற்றி, மணலிலும் பாறையிடுக்கிலும் வெயில்படும் தெளிந்த நீர்க்குட்டைகளாயின. இலங்கையில் மலேரியாவைக் கடத்தும் அனொபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு பெருகுவதற்கு இத்தகைய குட்டைகளே மிக உகந்த இடம். நோய் குருநாகல், கேகாலை ஆகிய பகுதிகளில் மிகக் கடுமையாகத் தாக்கியது. அதே ஆறுகள் கடலைச் சேரும் சிலாபப் பகுதியும் அதற்குத் தப்பவில்லை. டிசெம்பரிலும் 1935 ஜனவரியிலும் நோய் உச்சநிலையை அடைந்தது. மாண்டோரிற் பெருந்தொகையினர் குழந்தைகள்.

இவ்விடங்களில் வாழ்ந்தோர் ஆண்டுதோறும் மலேரியாவுக்கு ஆளாகிப் பழகியவரல்லர். ஆகவே அவர்களது உடலில் எதிர்ப்பாற்றல் குறைவாக இருந்தது. மாறாக, புத்தளம் முதலான வரண்ட வலயத்து மக்கள் வாழ்நாள் முழுவதும் இக்காய்ச்சலோடு வாழ்ந்தவர்கள். அங்கு 1934–35இல் மரணத்தொகை அதே வேகத்தில் உயரவில்லை. இவ்வேறுபாட்டைப் பின்னர் மீண்டும் நோக்குவோம். கொள்ளைநோய் என்ற சொல்லின் பொருளையே அது கேள்விக்குள்ளாக்குகின்றது.

இனி, அறியப்பட்டிருந்தவை எவை எனப் பார்ப்போம். மலேரியாக் கிருமியை லாவெரான் 1880இற் கண்டார். நுளம்புக்கும் அதற்குமுள்ள தொடர்பை றொனால்ட் றொஸ் 1897இல் இந்தியாவில் நிறுவினார். இலங்கையின் கடத்தி எந்த நுளம்பு என்பதையும் அது எங்கு பெருகுகின்றது என்பதையும் எச். எவ். காட்டர் 1920களில் நிகழ்த்திய ஆய்வுகள் தெளிவாக்கியிருந்தன. பஞ்சாபில் 1908இல் நிகழ்ந்த பெரும் மலேரியாவை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ், மழையோடு தானியப் பற்றாக்குறையும் மரணத்தின் அளவைத் தீர்மானிக்கும் காரணியாகும் என 1911இலேயே காட்டியிருந்தார். அதன் அடிப்படையில், மழை, பிள்ளைகளின் மண்ணீரல் வீக்கம், தானிய விலை ஆகியவற்றைக் கொண்டு கொள்ளைநோயை முன்கூட்டியே கணிக்கும் முறையொன்றை 1920களிற் பஞ்சாபில் வகுத்தவர் சி. ஏ. கில். இதே கில், இலங்கையில் நோய் கோரத்தாண்டவமாடிய பின்னர் அதுபற்றி அறிக்கை எழுதியோருள் ஒருவர். முன்னறிவதற்கான முறை பேரரசின் ஒரு மூலையில் இருந்தது. அந்த முறையை வகுத்தவர் மற்றொரு மூலையில் நோயின் பின்னரே பயன்பட்டார்.

4

அரசு எதுவுமே செய்யவில்லை எனக் கூறுவது வரலாற்று நேர்மையாகாது. சுகாதாரப் பணிப்பாளர் பிரையர்கிளிவ்வின் தலைமையில் இயங்கிய திணைக்களம் தற்காலிக மருத்துவமனைகளையும் சிகிச்சை நிலையங்களையும் திறந்தது. நடமாடும் மருந்தகங்களை அனுப்பியது. கிராமத் தலைமைக்காரர், ஆசிரியர், தொண்டர் ஆகியோர் வழியாகக் கொயினாவைப் பகிர்ந்தது. உணவு நிவாரணமும் வழங்கப்பட்டது. பல மருத்துவ உத்தியோகத்தரும் ஊழியரும் தம் உடல்நலத்தைப் பாராது உழைத்தனர். தனிமனிதரின் நல்லெண்ணத்தைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. அவ்வுழைப்பு எத்தகைய அமைப்புக்குள் நிகழ்ந்தது என்பதையே நாம் நோக்கவேண்டும்.

குடியேற்றவாத அரசின் மருத்துவ அமைப்பு ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் தேவைகளுக்கேற்ப வளர்ந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிப்பது தொடர்பாக 1872இலேயே கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து வருவோர் வழியாக வாந்திபேதியும் பிளேக்கும் நுழையாதவாறு மண்டபம் முகாமில் இலங்கை அரசு தொற்றுத்தடை ஏற்பாடுகளை நடத்தியது. தோட்டமும் துறைமுகமும் ஆபத்துக்குள்ளாகுமெனக் கண்டபோது முன்னெச்சரிக்கையோடு செயற்பட அதனால் முடிந்தது என்பதற்கு இவை சான்று. இதனைக் கூறுமிடத்து ஒரு தவறான முடிவுக்கு இடமளிக்கலாகாது. தோட்டத் தொழிலாளர் சலுகை பெற்றவரல்லர். அவர்களது உழைப்புச் சக்தி ஒரு முதலீடாகக் கருதப்பட்டமையால் அது அழியாதவாறு, அதுவும் மிகக் குறைந்த செலவில், பேணப்பட்டது. கிராமத்து விவசாயி அந்தக் கணக்குக்குள்ளும் வரவில்லை. இவ்விரு சாராரையும் எதிரெதிராக நிறுத்திய இனவாதப் பேச்சு, இருவரையும் கணக்கிட்ட கை ஒன்றே என்பதை மறைத்தது.

கொயினாவின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. கோப்பிப் பயிர் இலைநோயால் அழிந்தபோது, இலங்கையின் தோட்ட முதலாளிகள் கொயினா எடுக்கப்படும் சிங்கோனா மரத்தை மலைநாடெங்கும் நட்டனர். 1880களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டை ஏற்றுமதியாயிற்று. உற்பத்தி பெருகி உலகச் சந்தையில் விலை சரிந்ததும் மரங்கள் அகற்றப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. 1930களில் உலகின் கொயினா வழங்கலிற் பெரும்பங்கு ஒல்லாந்தரின் ஆட்சியிலிருந்த யாவாவிலிருந்தே வந்தது. மலேரியாவால் வாடிய ஒரு நாடு, மலேரியாவுக்கான மருந்துமரத்தைத் தன் மண்ணில் வளர்த்து, பின்னர் இலாபம் இல்லையெனக் களைந்து, ஐம்பது ஆண்டுகளின் பின் அம்மருந்தை இறக்குமதி செய்தது. பயன்பெறுமதிக்கும் பரிவர்த்தனைப் பெறுமதிக்கும் இடையிலான முரண்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை.

5

நுளம்பா பசியா என்ற விவாதம் அக்காலத்திலிருந்தே தொடர்கின்றது. 1929இன் பின் ஏற்பட்ட உலகப் பொருளாதார மந்தத்தாற் கொப்பறாவின் விலை வீழ்ந்தது; தென்னை வலயத்திற் கூலி வேலை அருகிற்று. அதன்மேல் வரட்சியும் வந்தது. நெல்லும் பொய்த்தது, கூலியும் பொய்த்தது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் எரிக் மேயர் 1982இல் எழுதிய கட்டுரையொன்றில், காலநிலையின் ஏற்றத்தாழ்வுகளையும் பொருளாதாரத்தின் ஏற்றத்தாழ்வுகளையும் ஒருங்கே வைத்து இந்நோயை ஆராய்ந்தார். அவரது நோக்குமுறை எமக்கு ஏற்புடையது. நுளம்பையும் பசியையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிறுத்துவது இயங்கியல் நோக்கன்று. நுளம்பு ஆற்றங்கரையின் செல்வந்தரையும் வறியவரையும் கடித்தது. ஆனால் காய்ச்சல் விட்ட பின்னர் உண்பதற்கு எதுவுமில்லாத வீட்டிலேயே அது மீண்டும் மீண்டும் திரும்பிவந்து உயிரைக் கொண்டுசென்றது. கொயினா கிருமியைக் கொல்லும். வெறும் வயிற்றுக்கு அது உணவாகாது.

இவ்வுண்மையை நடைமுறையிற் கண்டவர்கள் சூரியமல் இயக்கத் தொண்டர்கள். யுத்த நினைவுநாளிற் பொப்பி மலருக்கு மாற்றாகச் சூரியமல் விற்பதற்கென எழுந்த இவ்வியக்கம், 1933 முதல் டொரீன் யங் முதலிய இடதுசாரிகளின் வழிகாட்டலில் ஏகாதிபத்திய எதிர்ப்பியக்கமாக மாறியிருந்தது. நோய்க்காலத்தில் அதன் தொண்டர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குச் சென்று மருந்தோடு பருப்பையும் மார்மைட் உருண்டைகளையும் வழங்கினர். கலாநிதி என். எம். பெரேரா ‘பருப்பு மாத்தயா’ என மக்களால் அழைக்கப்பட்டது இவ்வாறே. 1935 டிசெம்பர் 18ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் என். எம். பெரேரா ருவன்வெல்லவிலும் பிலிப் குணவர்த்தன அவிசாவளையிலும் வெற்றிபெற்று அரசாங்க சபைக்குச் சென்றனர். இரண்டுமே நோய் வாட்டிய பகுதிகள்.

இங்கு வாக்குரிமையின் முக்கியத்துவத்தைக் குறிப்பிடல் வேண்டும். 1931ஆம் ஆண்டின் டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கியிருந்தது. சுகாதாரத்துக்கு டி. பி. பானபொக்கே அமைச்சராக இருந்தார். எனினும் நிதியதிகாரத்தின் கடிவாளம் ஆங்கில உத்தியோகத்தரின் கையிலேயே இருந்தது. இவ்வரைகுறை ஆட்சியில் அமைச்சரைக் குறைகூறலாம். ஆட்சியமைப்பைக் குறைகூறுவது கடினம். ஆனால் இறந்தவரின் உறவினர் வாக்காளராயிருந்தனர். 1935இன் பின்னர் கிராம மருந்தகங்களும் சுகாதார சேவைகளும் விரிவடைந்தமைக்கும், இலவச மருத்துவம் என்ற கொள்கை பின்னர் வேரூன்றியமைக்கும், இந்நோயும் அவ்வாக்குரிமையும் ஒருங்கே காரணமாயின. ஆட்சியாளரின் கருணை அவற்றை ஈந்ததெனக் கொள்வதற்கில்லை.

அதேவேளை எமது இடதுசாரி வரலாற்றெழுத்தும் சுயவிமர்சனத்துக்கு உரியது. அதன் நினைவு கேகாலையையும் களனிப் பள்ளத்தாக்கையும் சுற்றியே அமைந்துள்ளது. கட்சி எங்கு வளர்ந்ததோ அங்கு நிகழ்ந்த மரணம் வரலாறாயிற்று. தமிழ் இலக்கிய மாணவரான நாமும் குற்றமற்றவரல்லேம். 1930 என்றதும் ‘ஈழகேசரி’யின் தோற்றத்தையும் ஈழத்துச் சிறுகதையின் தொடக்கத்தையும் நினைக்கும் நாம், அதே பத்தாண்டில் ஏழு மாதத்தில் எண்பதினாயிரம் பேர் மாண்டனர் என்பதை இலக்கிய வரலாற்றின் பின்னணியாகக்கூடக் கொள்வதில்லை. ஹம்பாந்தோட்டையில் நிருவாகியாயிருந்த லெனாட் வூல்வ் 1913இல் வெளியிட்ட நாவலில், காய்ச்சலும் கடனும் சேர்ந்து ஒரு காட்டுக் கிராமத்தை அழிப்பதைக் காட்டினார். ஆளவந்தவர் ஒருவர் கண்டதை நாம் காணாதிருந்தமை சிந்தனைக்குரியது.

6

இனி வடபாதிக்கு வருவோம். புத்தளம், கற்பிட்டி முதலான இடங்களில் 1934–35 பெருங்கொள்ளையாக உணரப்படவில்லை என்றால், அங்கு மக்கள் நலமாக இருந்தனர் என்பது அதன் பொருளன்று. அங்கு ஒவ்வோராண்டும் மழைக்காலத்தை அடுத்துக் காய்ச்சல் வந்தது. பிள்ளைகளின் மண்ணீரல் வீங்கியது. வரண்ட வலயத்தின் மரணவீதம் தென்மேற்குப் பகுதியினதைவிட நீண்டகாலமாக உயர்ந்தே இருந்தது. வளர்ந்தோர் பெற்ற எதிர்ப்பாற்றலின் விலையைத் தலைமுறைதோறும் குழந்தைகள் உயிரால் இறுத்தனர். ஆனால் அது திடீரென நிகழாதமையால் அறிக்கையும் இல்லை, விவாதமும் இல்லை. நாள்தோறும் நிகழும் மரணத்தை இயல்பெனவும், வழக்கத்தை மீறிய மரணத்தை மாத்திரம் நெருக்கடியெனவும் கொள்ளும் நிருவாகப் பார்வையே கொள்ளைநோய் என்ற வகைப்பாட்டைத் தோற்றுவிக்கின்றது. அரசு இவ்வாறு கணக்கிலெடுத்தது சிலாபத்தின் மரணங்களை. புத்தளத்தின் மரணங்கள் வழக்கமென விடப்பட்டன.

1946இல் தொடங்கிய டி.டி.ரீ. தெளிப்பு இந்நிலையை மாற்றிற்று. 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆயிருந்த நாட்டின் மரணவீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. இக்குறைவிற் பெரும்பங்கு மலேரியா ஒழிப்பினால் ஆனது எனப் பீற்றர் நியூமன் வாதிட்டார். மருத்துவ சேவைகளின் விரிவும் உணவு நிலையும் உரிய அளவில் மதிக்கப்படல் வேண்டுமென எஸ். ஏ. மீகம மறுத்துரைத்தார். நுளம்பா பசியா என்ற பழைய வினாவே புதிய புள்ளிவிவரங்களோடு மீண்டது. எவர் கூற்று எவ்வளவு சரியாயினும், வழக்கமெனக் கருதப்பட்ட மரணம் தவிர்க்கக்கூடியதாகவே இருந்தது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.

அதன் பின் நிகழ்ந்தது அரசுகளின் மறதிக்குச் சான்று. 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாயினர். வெற்றி கிட்டிவிட்டதெனக் கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டிற்று. இம்முறை பழியைப் பிறநாட்டு ஆட்சியின்மேற் சுமத்த முடியவில்லை. சுதந்திர நாட்டின் அரசே அதற்குப் பொறுப்பு. நோய் கண்ணுக்குத் தெரியும்போது செலவிடுவது, மறைந்ததும் செலவைக் குறைப்பது என்ற கணக்கு ஆட்சி மாறினாலும் மாறவில்லை. பின்னர் காய்ச்சல்தோறும் குருதியைச் சோதிக்கும் இடையறாத கண்காணிப்பு, போர்க்காலத்திலும் கைவிடப்படாது தொடர்ந்தமையால், 2012இல் உள்நாட்டுத் தொற்று முற்றாக நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுரைத்தது. இவ்வெற்றியைத் தந்தது, நோயில்லாத காலத்திலும் வீடுவீடாகச் சென்ற கீழ்நிலை ஊழியரின் நாளாந்த உழைப்பு. அது தளருமாயின் நிலைமை மாறலாம். நகரத்துக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகவல்ல அனொபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் புதிய கடத்தி மன்னாரிற் காணப்பட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது. மன்னார் இக்கரையோரத்தின் அயல் மாவட்டம்.

7

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இது. கொள்ளைநோய்க்கு அரசு அளிக்கும் பதிலை, நோய் வந்தபின் அது எவ்வளவு விரைந்தது என்பதைக்கொண்டு மாத்திரம் மதிப்பிடலாகாது. நோய் வருமுன் எதனைக் கண்காணித்தது, எதனைக் கண்காணிக்கவில்லை என்பதே அளவுகோல். 1934இற் கண்காணிக்கப்பட்டவை தோட்டம், துறைமுகம், உப்பு, தென்னை. கண்காணிக்கப்படாதவர் ஆற்றங்கரை விவசாயியும் களப்போரத்து மீனவனும் அவர்களது பிள்ளைகளும். அறிவு இருந்தது, அவ்வறிவை அவர்களுக்காகச் செயற்படுத்தும் தேவை ஆட்சிக்கு இருக்கவில்லை. அத்தேவையை உண்டாக்கியது மக்களின் அரசியலே.

ஆய்வாளருக்கும் இதிற் பணியுண்டு. பிரையர்கிளிவ், கில் ஆகியோரின் அறிக்கைகள் மேலிருந்து நோக்கியவை. கீழிருந்து எழுதப்படவேண்டிய வரலாறு இக்கரையோரத்தின் பிறப்பு இறப்புப் பதிவேடுகளிலும், கத்தோலிக்கப் பங்குகளின் அடக்கக் குறிப்புகளிலும், பள்ளிவாசல்களினதும் கோயில்களினதும் ஏடுகளிலும் தேடப்படல் வேண்டும். முதியோர் நினைவிலுள்ள ஒப்பாரிகளும் குடும்பக் கதைகளும் இலக்கிய மாணவருக்கு நேரடியாக உரிய சான்றுகள். நாட்டார் பாடல்களைச் சேகரிப்போர் காதலையும் தொழிலையும் பாடியவற்றோடு காய்ச்சலைப் பாடியவற்றையும் கேட்டறிதல் நன்று. அந்நாட்களை நேரிற் கண்டவர் இன்று மிகச் சிலரே. அவர்தம் பிள்ளைகளாவது இருக்கும்போதே இவ்வேலை தொடங்கப்படல் வேண்டும்.